நிக்கலீங்க, நிறுத்தியிருக்கறோம்

பழைய கார் வைத்திருப்பவனும் பெரிய பக்திமானும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். இருவரும் அடிக்கடி கண்ணை மூடுவார்கள், உதடு ஏதோ முணுமுணுக்கும், கை தானாக நெஞ்சுக்குப் போகும். அதிலும் காஞ்சிபுரத்தில் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது. எங்கள் ஊரில் கார் எந்த இடத்தில் நின்றுபோனாலும் எதிரே ஒரு கோயில் இருக்கும். இன்ஜின் ஆறும்வரை சும்மா நிற்பானேன் என்று நானும் ஒரு கும்பிடு போட்டு வைப்பேன். ‘மனுசன் ஒரு கோயிலையும் வுடறதில்லப்பா’ என்று ஊரில் எனக்குப் பேர் வந்துவிட்டது. ஒரு கும்பாபிஷேகக் கமிட்டியில் சேரும்படிகூடக் கேட்டார்கள். (சேர்ந்திருப்பேன். கூட்டத்துக்குப் போகிற வழியில் வண்டி நின்றுவிட்டது.)

பட்டுப்புடவை வைக்கிற அட்டைப்பெட்டி செய்து கடைகளுக்குப் போடுவது என் தொழில். பெட்டிகளை ஏற்றிச் செல்லத்தான் அந்தக் காரை வாங்கினேன். வெள்ளை நிறம், உருண்டை முகம், ஒரு காலத்தில் பெரிய அதிகாரிகள் மட்டும் போய் வந்த ரகம். அதனாலோ என்னவோ, அதற்கு அதிகாரிகளின் குணம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஓடாது. அதை ஒரு கோரிக்கை மனுவாக எடுத்துக்கொண்டு பரிசீலிக்கும். முதலில் இழுவை குறையும். பிறகு இரண்டு இருமல். அப்புறம் ஒரு நீண்ட பெருமூச்சு. அவ்வளவுதான், நடு ரோட்டில் நானும் சைக்கிள்காரர்களின் அனுதாபமும்.

மெக்கானிக் பாய் ஒருநாள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினார். “வேகமாப் போனா காத்து படும் சார், பிரச்சினை இல்ல. மெதுவாப் போனாத்தான் பேஜாரு. பெட்ரோல் பம்ப்பு சூடாயிடும். அப்ப ஒரு ஈரத்துணியப் போட்டு, கொஞ்ச நேரம் வுட்டுட்டீங்கன்னா திரும்ப ஸ்டார்ட் ஆயிடும்.”

அன்றிலிருந்து என் காரில் ஸ்டெப்னி இருந்ததோ இல்லையோ, ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் இருக்கும். சிக்னலில் நிற்க மாட்டேன். பச்சை விழும்வரை பக்கத்துச் சந்துகளில் வேகமாகச் சுற்றி வருவேன். சந்தில் எதிரே வருகிறவர்கள் என் பரம்பரையையே விசாரிப்பார்கள். மேடு வந்தால் என் மனைவி செல்வியை முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்வேன். அவள் சாய்ந்ததால் ஒருமுறைகூட வண்டி ஏறியதில்லை. ஆனால் சாயாவிட்டால் எனக்கு ஏற மனசு வராது.

இப்படிப்பட்ட காரைத்தான், என் அக்கா மகள் தேன்மொழியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குத் தருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்தேன்.

தேன்மொழியும் மாப்பிள்ளை சரவணனும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரே கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் பேசிப் பழகி, இரண்டு வீட்டிலும் அழுது, அடம்பிடித்து, ஒருவழியாகச் சம்மதம் வாங்கிய ஜோடி. மாப்பிள்ளைக்கு ஊர் ஆரணி. அங்கேயும் பட்டு நெய்கிறார்கள், இங்கேயும் நெய்கிறோம்; அதனால் அவர்கள் எங்கள் புடவையை முந்தியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். தாயில்லாத பிள்ளை சரவணனை வளர்த்தவர் அவனுடைய பெரியம்மா, அம்மாவின் அக்கா. அதிகம் பேசாதவர். அந்த வீட்டில் அவர் சொல்தான் கடைசிச் சொல். அதிகம் பேசுகிற வேலையைச் சரவணனின் சித்தப்பா மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சகுனம் பார்ப்பதில் மனிதர் புலி. பூனை குறுக்கே போனால் இவர் நின்று போகிறவர் இல்லை. பூனையைத் திட்டி, வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டுத்தான் நகர்வார்.

நிச்சயதார்த்தத்தன்று உடைத்த தேங்காய் கோணலாகப் பிளந்துவிட்டது. சித்தப்பா எழுந்துகொண்டார். “எனக்கு மனசு ஒப்பல. ஒரு வருசம் தள்ளிப் போடலாம்.” எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம். அவர் தேங்காயைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். “இன்னொரு வாட்டி ஏதாச்சும் ஆவட்டும், அப்ப யோசிக்கலாம்” என்றார். எங்கள் பக்கம் ஒருவருக்கும் கேசரி இறங்கவில்லை.

ஆக, இன்னொரு அபசகுனத்துக்கு மட்டும்தான் இடம் பாக்கி இருந்தது. அந்த நேரத்தில் நான் போய் நெஞ்சை நிமிர்த்துகிறேன்.

“வாடகைக்குத் திறந்த காரு சொல்லிடலாம்டா” என்றாள் அக்கா.

“தாய்மாமன் காரு இருக்கும்போது வாடகைக் காரா? நாலு பேரு என்ன சொல்வாங்க?” என்று மீசையைத் தடவினேன். (அப்போது எனக்கு மீசை கிடையாது. இருந்தாலும் தடவினேன்.)

“ஏங்க, தோ பக்கத்துல இருக்கற ரங்கசாமி குளம் போறதுக்கே அது ரெண்டு வாட்டி யோசிக்குது. அதுல மாப்பிள்ளைய ஏத்தறதா?” என்றாள் செல்வி.

“விசேஷத்தன்னிக்கு நல்லா ஓடும். அதுக்கும் சமய சந்தர்ப்பம் தெரியும்.”

“உங்களுக்கே தெரியல. அதுக்கு எப்படித் தெரியும்?”

மாப்பிள்ளை அழைப்புக்கு முதல்நாள் மாலை தேன்மொழி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இரண்டு கையிலும் மருதாணி. கண்ணைத் துடைக்கக்கூட முடியாமல் நின்றாள். “மாமா, நடுவுல நின்னுடாதில்ல? அவங்க சித்தப்பாவப் பத்தி உனக்குத் தெரியும். பெரியம்மா வேற ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க.”

“போம்மா, போயி சாப்புடு. மாமா பார்த்துக்கறேன்” என்றேன். அவ்வளவு உறுதியாக நான் அதுவரை எதையும் சொன்னதில்லை. அவ்வளவு பொய்யாகவும்தான்.

ஏனென்றால் ஒரு விஷயத்தை நான் சுத்தமாக யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளை ஊர்வலம் எந்த வேகத்தில் போகும்? நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் போகும். மெதுவாகப் போனால் படுத்துவிடும் என்று மெக்கானிக் சொன்ன வண்டியை, உலகத்திலேயே மெதுவாகப் போகிற ஒரு காரியத்துக்கு, அதுவும் வைகாசி வெயிலில், வலியப் போய்க் கொடுத்திருந்தேன்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளைக்குப் புது வேட்டி சட்டை கொடுத்து, மாலை போட்டு, பின் சீட்டில் உட்கார வைத்தோம். பொழுது சாய்ந்தும் ரோடு அடுப்பு மாதிரி இருந்தது. பூ அலங்காரம் செய்தவர்கள் என் காரை அடையாளம் தெரியாமல் ஆக்கியிருந்தார்கள். பானெட் முழுவதும் சம்பங்கி வலை, நடுவில் தெர்மாகோல் இதயம், அதற்குள் ‘தேன்மொழி – சரவணன்’. அதைப் பார்த்துப் பூரித்துப்போன எனக்கு, பானெட்டை இனித் திறக்க முடியாது என்பது உறைக்கவில்லை. ஈரத்துணி வைத்தியத்துக்கு வழியை அடைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறேன்.

முன்னால் நாதஸ்வரம். அதற்குப் பின்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு பெண்கள். பிறகு நான் ஓட்டும் கார். காருக்குப் பின்னால் ஆரணிச் சனம். நல்ல நேரம் முடிவதற்குள் மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தாக வேண்டும்.

மஞ்சள்நீர்க் கால்வாயின் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு ஏற மேடு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் ஒரு மேடு. அதில்தான் முதல் அறிகுறி தெரிந்தது. மிதித்தேன், பரிசீலித்தது. இன்னும் மிதித்தேன். ஒரு இருமல். எனக்கு முதுகுத்தண்டில் வேர்த்தது. “முன்னால சாஞ்சிக்குங்க மாப்ள” என்றேன். பாவம், சரவணன் ஏன் எதற்கு என்று கேட்காமல் மாலையோடு சாய்ந்தார். இரண்டாவது இருமல். பாலத்தின் உச்சியில், எல்லோர் கண்ணுக்கும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, அந்தப் பெருமூச்சு.

நாதஸ்வரக்காரர்களுக்கு முதுகில் கண் இல்லை. அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள். தட்டுப் பெண்களும் போய்விட்டார்கள். மேளச் சத்தம் தேய்ந்து, பாலத்தின் மேல் நானும் மாப்பிள்ளையும் சம்பங்கி வாசனையும் மட்டும் இருந்தோம்.

பின்னாலிருந்து குரல் வந்தது. “ஏன் நின்னுடுச்சு?” சித்தப்பா.

நான் இறங்கினேன். விழாமலிருக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவர்கள் நான் கம்பீரமாகச் சாய்ந்து நிற்பதாக நினைத்திருக்கலாம். மூளை என்னைக் கைவிட்டுவிட்டது. அந்த மாதிரி நேரங்களில் என் வாய் மட்டும் சொந்தமாகத் தொழில் நடத்தும்.

“நிக்கலீங்க சம்பந்தி, நிறுத்தியிருக்கறோம்.”

“எதுக்கு?”

“வழக்கம்.”

“என்ன வழக்கம்?”

(அது எனக்கும் தெரிந்தால் தேவலாம் என்றுதான் இருந்தது.) “இந்தப் பாலம் தாண்டினா பொண்ணு வூட்டு எல்லை. அதுக்கு மேல மாப்பிள்ளைய இன்ஜின் இழுத்துக்கினு போவக் கூடாதுங்க. நாங்கதான் எங்க கையால தள்ளிக்கினு போவணும். சாமிய எப்படி மெஷின் வெச்சித் தூக்க மாட்டமோ, அது மாதிரி.”

“நாங்களும் ஆரணியில எத்தினியோ தலைமுறையா இருக்கறோம். காஞ்சிபுரத்துல இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லையே?”

“காஞ்சிபுரம் வழக்கம் இல்லீங்க. எங்க தெரு வழக்கம்.”

“சரி, காரு வர்றதுக்கு மின்னாடி என்ன பண்ணீங்க?”

“மாட்டு வண்டிங்க. மாட்ட அவுத்துட்டுத் தள்ளுவாங்க.”

இதற்குள் முன்னால் போன அக்கா மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்திருந்தாள். “எப்பலேர்ந்துடா இது...” என்று ஆரம்பித்தவள் திடீரென்று “ஆ!” என்று துள்ளினாள். கூடவே ஓடி வந்த செல்வி கிள்ளியிருக்கிறாள். அந்த வடு கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது.

சித்தப்பா நம்பவில்லை. “வண்டி ரிப்பேரு. எனக்குத் தெரியுது. நிச்சயத்துல தேங்கா, இன்னிக்கு மாப்பிள்ளை வண்டி. நான் அன்னிக்கே சொன்னேன்.” கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பின் சீட்டில் சரவணனின் முகம் அவர் கழுத்திலிருந்த மாலையைவிட வேகமாக வாடிக்கொண்டிருந்தது. மண்டபத்து மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பதாகத் தேன்மொழி சொல்லியிருந்தாள். நாதஸ்வரம் வந்துவிட்டது, பெண்கள் வந்துவிட்டார்கள், கார் மட்டும் வரவில்லை என்பதை அவள் இப்போது பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியம்மா முன்னால் வந்தார். அவர் என்னைப் பார்த்தார். பானெட்டைப் பார்த்தார். குனிந்து கொஞ்ச நேரம் எதையோ மோந்து பார்த்த மாதிரி இருந்தது. மறுபடி என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பார்வையை நான் சந்தித்ததில்லை.

“இருக்குது” என்றார். “இந்த வழக்கம் இருக்குது. நான் கேள்விப்பட்டிருக்கறேன்.”

நான் அந்த நிமிடம் பெற்றெடுத்த வழக்கத்தை இவர் எங்கே கேள்விப்பட்டார்?

“ஆனா தம்பி, தாய்மாமன் செருப்போடவா தள்ளுவாரு?”

“இல்லீங்கம்மா.” கழற்றினேன். தார் ரோடு சுட்டது.

“சட்டையோடவா? சாமிக்கு ஒப்பா சொன்னீங்களே.”

சட்டையையும் கழற்றினேன். என் தொப்பையை அதுவரை குடும்பத்தார் மட்டும்தான் முழுதாகப் பார்த்திருந்தார்கள். அன்றைக்கு ஆரணியும் பார்த்தது.

“மொதல் தள்ளு பொண்ணு வூட்டுது. அப்புறம் நாங்களும் கை வெக்கலாமில்ல?”

“தாராளமா வெக்கலாம்மா.”

“அப்ப என்ன வேடிக்கை? வாங்கப்பா எல்லாரும்!” என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்பக்க டிக்கியில் ஆரணியின் முதல் ஆளாகக் கை வைத்தார்.

பெரியம்மாவே கை வைத்த பிறகு யார் சும்மா நிற்பது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆரணியே வந்து ஒட்டிக்கொண்டது. ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லை. செல்வி பட்டுப்புடவையோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு மைதானத்தில் ஓட்டிப் பழகியதோடு சரி. “எனக்கு பிரேக்கு மட்டும் எதுன்னு சொல்லுங்க” என்றாள். சொன்னேன். தள்ளினோம்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் நான் யோசிக்கவில்லை. பாலத்துக்கு ஏறுகிற பக்கம் மேடு என்றால், இறங்குகிற பக்கம் என்னவாக இருக்கும்?

ஓட்டும்போது எந்த நாளிலும் காட்டாத வேகத்தை என் வண்டி அன்று காட்டியது. முதலில் தள்ளிக்கொண்டு நடந்தோம். பிறகு தள்ளிக்கொண்டு ஓடினோம். பிறகு தள்ளாமலே பின்னால் ஓடினோம். “புடி! புடி!” என்று கத்துகிறேன், என்னத்தைப் பிடிப்பது? மாப்பிள்ளை மட்டும் மாலை பறக்கப் போய்க்கொண்டிருந்தார். தட்டுப் பெண்கள் வீறிட்டு ஓரம் ஒதுங்கினார்கள். தவில்காரர் தவிலை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் ஏறினார். நாதஸ்வரக்காரர் மட்டும் ஊதுவதை நிறுத்தவில்லை. பயத்தில் அவர் ஊதிய அந்த உச்ச ஸ்வரத்தை இனி எந்தக் கச்சேரியிலும் கேட்க முடியாது.

செல்வி கெட்டிக்காரி. ஒரு சைக்கிளையும் இரண்டு மாடுகளையும் சுற்றிக்கொண்டு, மண்டப வாசலைத் தாண்டி ஒரு வண்டி தூரத்தில் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். “இன்ஜின் ஓடாதப்பத்தாங்க இந்த வண்டி சொன்ன பேச்சக் கேக்குது” என்றாள்.

சித்தப்பா வந்து சேர்ந்தார். அவருக்கு மூச்சு திரும்பியதும் விரல் நீண்டது. “வாசலத் தாண்டிப் போயிடுச்சு! இப்ப பின்னால தள்ளணும். பின்னால போறது அபசகுனம்!”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா குறுக்கிட்டார். “தேரு நெலைக்கு வர்றப்ப முன்னப் பின்னத் தள்ளித்தான நிறுத்துவாங்க? அதுக்குப் பேரு அபசகுனமா?”

பின்னால் தள்ளி நிலைக்கு நிறுத்தினோம். நல்ல நேரம் முடிவதற்குள் ஆரத்தி எடுத்தாயிற்று. மாடியிலிருந்து தேன்மொழி எட்டிப் பார்த்தாள். வெறும் உடம்பில் வியர்வையும் சம்பங்கியும் ஒட்டிக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். மறுநாள் காலை தாலி கட்டியாயிற்று. தேங்காயைப் பற்றி அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டில் மட்டும் முடியவில்லை. செல்வியைச் சினிமாவுக்கு அழைத்துப்போக மறந்தால், “மறக்கலீங்க, ஒத்தி வெச்சிருக்கறாரு” என்பாள். சரவணன் சம்பள உயர்வு வராத வருடம் போன் செய்து, “நிக்கல மாமா, நிறுத்தியிருக்காங்க” என்றார்.

சில வருடங்கள் கழித்து, பெரியம்மாவின் சொந்த மகளுக்கு ஆரணியில் கல்யாணம். பத்திரிகை வைக்கச் சித்தப்பாவே நேரில் வந்தார். வெற்றிலைப் பாக்குத் தட்டை நீட்டி, “மாப்பிள்ளை அழைப்புக்கு நீங்க அவசியம் இருக்கணும் சம்பந்தி. மொதல் தள்ளு நீங்கதான்” என்றார்.

எனக்குப் புரையேறியது. “உங்க பக்கம் அந்த வழக்கம் இல்லையே?”

“இல்லன்னா? நல்லத எங்க பார்த்தாலும் எடுத்துக்க வேண்டியதுதான். அந்தக் கல்யாணம் எப்படி இருக்குது பாருங்க! தேங்கா தோஷமே தள்ளுனதுலதான் கழிஞ்சுது.”

ஆரணிக்குப் போனோம். மாப்பிள்ளை அழைப்புக்கு நின்றது கம்பெனியிலிருந்து புதிதாக வந்திறங்கிய கார். சத்தமே இல்லாமல் ஓடக்கூடியது. தெருமுனை வந்ததும் சித்தப்பா கையை உயர்த்தினார். “இன்ஜின ஆப் பண்ணுப்பா! பொண்ணு வூட்டு எல்லை வந்துடுச்சு.”

டிரைவர் மிரண்டார். “அண்ணே, இது ஆட்டோமேட்டிக்கு வண்டிண்ணே. தள்ளக் கூடாதுண்ணே.”

“மாட்டு வண்டிக் காலத்துலேர்ந்து தள்ளிக்கினு வரோம், நேத்து வந்த ஆட்டோமேட்டிக்கு என்ன சொல்றது? நியூட்ரல்ல போடு!”

நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சட்டைப் பொத்தானில் கை வைத்தபோது, பெரியம்மா பக்கத்தில் வந்து நின்றார். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

“அன்னிக்கு என்ன, பெட்ரோல் பம்ப்பா?”

பொத்தான் கையோடு வந்துவிட்டது. “அம்மா... உங்களுக்கு எப்படி...”

“எங்க வூட்டுக்காரரு இருந்தவரைக்கும் அதே வண்டிதான் வெச்சிருந்தாரு. மூத்தவளப் பெத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றப்ப, பச்ச ஒடம்போட எறங்கி நின்னவ நானு. ரெண்டு இருமலு, ஒரு பெருமூச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா அத்தனை சனத்துக்கு முன்னாடி ‘இருக்குது’ன்னு சொன்னீங்க?”

“அந்தப் பொண்ணு முகத்த நிச்சயத்தன்னிக்கே பார்த்துட்டன் தம்பி. என் பிள்ளை முகத்தையும் பார்த்துட்டன். தேங்காவும் வண்டியுமா வாழப் போவுது?”

கையோடு வந்த பொத்தானை மடியில் முடிந்துகொண்டேன். “அப்ப சட்டைய ஏம்மா கழட்டச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ஒரு பொய்க்கு அவ்ளோ வேர்த்துது உங்களுக்கு. கொஞ்சம் காத்தாடட்டுமேன்னுதான்.”

ஊரையே கிண்டல் செய்து பிழைக்கிறவன் நான். என்னை வைத்து ஒருவர் இத்தனை வருடம் மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார், எனக்குத் தெரியவே இல்லை. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் தேன்மொழி வீட்டுக்குப் போகும்போதெல்லாம், அவளும் சரவணனும் சமையலறையில் ஏதோ சண்டை போட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், பாலத்தின் மேல் அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ‘இருக்குது’ என்று சொன்னதுதான் ஞாபகம் வரும். ‘இல்ல’ என்று சொல்லவும் அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

அன்று அங்கேயே நன்றி சொல்லிவிட வேண்டும் என்று திரும்பினேன். வழக்கம்போல் வார்த்தை வரும் என்று நினைத்த இடத்தில், முதல்முறையாக என் வாய் இழுவை இல்லாமல் நின்றுவிட்டது.

அவர் அதற்குள் தலைப்பை இடுப்பில் செருகி, புதுக் காரின் டிக்கியில் கை வைத்துவிட்டிருந்தார்.

“அப்புறம் பேசிக்கலாம். சனம் பார்க்குது. தள்ளுப்பா” என்றார்.

தள்ளினேன்.